சிலியில் இரவு, இங்கே மீன் வரும் நேரம்

பெப்ரவரி 9, திங்கள்

விடிய மழை. பிறகு வெயில். வாடைக்காற்று நிற்கவில்லை. கொடியில் போட்ட உடுப்பு எல்லாம் மறுபடியும் நனைந்து கிடக்கிறது.

இன்றைய வேலை:
– திட்டத்தின் நாலாம் பக்கம் திருத்தி அனுப்ப. (மறுபடியும்! மறுபடியும்!)
– டியூஷன் பிள்ளைகளுக்கு மின்னியல் வினாத்தாள், போட்டோகொப்பி.
– உம்மாவின் சுகர் குளிசை.
– காஸ் சிலிண்டருக்குச் சொல்ல.

திட்டம் திரும்பி வந்திருக்கிறது. பே. சிவப்பில் கோடு போட்டிருக்கிறார். (பேராசிரியர் என்று முழுதாக எழுத எனக்கு இப்போது மனமில்லை. பே. போதும்.) ஓரத்தில் ஒரு வரி: "ஏன் இவ்வளவு அவசரம்? இடம் உறுதியாகும் வரை பொறுக்கலாமே."

பொறுக்கலாமாம். காமாக் கதிர் வெடிப்பையே தொழிலாக வைத்திருக்கிற மனிதர் கேட்கிற கேள்வியா இது? எங்கேயோ இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதுகின்றன. ஒரு தும்மல் நேரத்துக்கு வெடிப்பு. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் அதைக் கண்டு எல்லோருக்கும் செய்தி அனுப்புகிறது. அதன் பின்னால் ஒரு மங்கல் வெளிச்சம் மிஞ்சும், அதுவும் கரைந்துகொண்டே போகும். தரையில் உள்ள பெரிய தொலைநோக்கியை அந்தப் பக்கம் உடனே திருப்பினால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் வானம். இதை எனக்குச் சொல்லித் தந்ததே இந்த ஆள்தான். அவரிடம் படித்துவிட்டு ஊருக்கு வந்து இத்தனை வருஷம். அவருக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை.

இந்தப் பருவத்துக்கு எங்கள் குழுவுக்குக் கிடைத்தது மூன்று தடவை. சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியில் வேறு ஆட்களின் வேலையை இடையில் நிறுத்தி, "இங்கே திரும்பு" என்று சொல்கிற உரிமை. இரண்டு போய்விட்டது. இரண்டையும் செலவழித்தது பே. தான். இரண்டும் நீளமான, பிரகாசமான வெடிப்புகள். உலகமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கலியாண வீட்டில் எல்லோரும் எடுக்கிற அதே போட்டோவை நாமும் போய் எடுத்தோம். சீ.

மிச்சம் ஒன்று. மார்ச்சோடு அதுவும் காலாவதி.

என் விதி இதுதான், நாலாம் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் இதுதான். வெடிப்பு குறுகியதாக இருக்க வேண்டும். முதற்செய்தியில் வருகிற உத்தேச இடம் படக்கருவியின் ஒரு படத்துக்குள் அடங்க வேண்டும். சிலியில் அந்த இடம் அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும். பால்வீதித் தூசிக்குள் இருக்கக்கூடாது, நிலவு பக்கத்தில் இருக்கக்கூடாது. எல்லாம் சரியென்றால் காவலில் இருக்கிற ஆள் ஒருவரையும் கேட்காமல் அழுத்த வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் அது கரைந்துபோகும்.

காவலில் இருக்கிற ஆள் நான். சிலியில் இரவாகும்போது ஐரோப்பாவில் எல்லோரும் நித்திரை, எனக்குக் காலை. இங்கே விடிந்து பகல் சோறு வடிக்கிற வரை அங்கே இருட்டு. என்னைக் குழுவில் வைத்திருப்பது மூளைக்காக என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது தெரியும், கடலோரச் சாய்ந்தமருதின் விடியலுக்காகத்தான்.

என் வீட்டுக்காரர் ரிஸ்வி போனில் கூப்பிட்டார். நாலு நாளாக இறக்காமத்தில், வயலில். அறுவடை முடியும் வரை யானைக் காவல்.

"நானும் காவல், நீயும் காவல். நான் யானைக்கு, நீ எதுக்கு?"

"வெடிப்புக்கு."

"எங்கிட்டயும் வெடி இரிக்கி. அனுப்பி விடவா?"

பகிடி. சிரிப்பு வரவில்லை.

மீன் கழுவும்போது போன் சத்தம் கேட்பதில்லை. போன கிழமை ஒன்றைத் தவறவிட்டேன். (தூசிக்குள் வந்தது, எப்படியும் பயனில்லை. ஆனாலும்.) அதனால் இன்று போனை மேல்மாடியில் டியூஷன் ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவினேன். சத்தத்தையும் மாற்றினேன். போனில் உள்ளதிலேயே ஊளையிடுகிற சத்தம், சைரன். இனிக் கேட்காமல் போகாது.

பெப்ரவரி 10, செவ்வாய்

பொழுதுபட எழுதுகிறேன். பயத்தில் இல்லை, கோபத்தில்.

வந்தது. நான் காத்திருந்த வகையே வந்தது.

காலை பத்து மணிபோல. பின்வளவில் பைப்படியில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே சைரன். செதில் கையோடு படியேறி ஓடினேன். திரையில் பார்த்தால் குறுகியது, மிகக் குறுகியது. இடம் படத்துக்குள் அடங்குகிறது. சிலியில் நல்ல உயரம். தூசி இல்லை. நிலவு வேறு பக்கம். யா அல்லாஹ், இப்படி ஒன்று கையில் வந்து விழுமா? மீன் மணக்கிற விரலால் கடவுச்சொல்லை அடித்தேன், ஒரு தடவை பிழையாகிவிட்டது. மறுபடி அடித்தேன். பக்கம் திறந்தது. இடத்தின் எண்களைப் போட்டேன்.

அப்போதுதான் காது கேட்கத் தொடங்கியது. தெருவில் சத்தமே இல்லை. மீன்காரரின் ஹோர்ன் இல்லை. பக்கத்து வீட்டு மர்ழியா மாமியின் றேடியோ மட்டும் தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்கச் செருப்பு. சைக்கிள் ஒன்று விழுந்து கிடந்தது. மீன்பெட்டி நடுரோட்டில், அதன் மேல் காகம். மனிதர் ஒருவரும் இல்லை. எங்கள் குசினியிலிருந்து கறி கருகுகிற மணம்.

"உம்மா! உம்மா!"

பதில் இல்லை. அப்போதுதான் விளங்கியது. அந்தச் சத்தம் எனக்கு வானம், இந்தத் தெருவுக்குக் கடல்.

அழுத்தவில்லை. எண்களை அப்படியே திரையில் விட்டுவிட்டு ஓடினேன்.

மெயின் ரோட்டைத் தாண்டி, வயல் வட்டைக்குப் போகிற பாதையில் கண்டேன். ஊரில் பாதி அங்கே நின்றது. உம்மா மர்ழியா மாமியின் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். காலில் செருப்பு இல்லை. தலையில் முந்தானை இல்லை. உம்மாவை வெளியில் தலை மூடாமல் நான் கண்டதே இல்லை. நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"கடல் வரல்ல!" என்று கத்தினேன். "அது என்ட போன்! வெடிப்புக்கு வச்ச சத்தம்!"

"என்ன போனா?"

"ஆர்ட போன்?"

"டீச்சர்ட போனாம். வெடிப்பாம்."

"எங்க வெடிப்பு? கொழும்பிலயா?"

"வானத்திலயாம்."

"வானத்தில வெடிச்சா நாம எதுக்குகா ஓடினம்?"

ஒருத்தி சிரித்தாள். ஒருவர் காறித் துப்பினார். மர்ழியா மாமி வாய்க்கால் கட்டில் இருந்து அழுதார், கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. ரோட்டோரக் கான் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் காலைக் கழுவினேன். உள்ளங்காலில் கண்ணாடி கீறிய கோடு. அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கத்தினேன். "ஒரு தரம் மேல வந்து பாத்திரிக்கலாமே உம்மா! சத்தம் மேல இரிந்துதானே வந்த! கடலாக் கத்தின? ஒரு தரம் பாத்திட்டு ஓடினா என்ன?"

உம்மா என்னைப் பார்க்கவில்லை. பேசினில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பாக்கப் போனவர் எங்க மகள்?"

வாப்பா. சுனாமி அன்றைக்குக் கடல் வருகுதாம் என்று யாரோ கத்தியபோது, "பொய்யா இரிக்கும், பாத்திட்டு வாறன்" என்று தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனவர். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் ஓடினார். அதனால்தான் நான் இருக்கிறேன்.

காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டேன்.

மேலே வந்து பார்த்தால் குழுவில் லீனாவின் செய்தி. லீனா பே.யின் மாணவி, நல்ல பிள்ளை, ஐரோப்பாவில் இருட்டோடு எழும்பியிருக்கிறாள். "விதிப்படி இது சரி போல. ஆனால் பேராசிரியர் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்." அதற்குக் கீழே: "இன்னும் காத்திருக்கிறேன்." அதற்குக் கீழே, வேறொரு குழு சின்னத் தொலைநோக்கியால் மங்கல் வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்ட அறிவிப்பு. முதற்செய்தி சொன்ன இடத்தில், என் விதி சொன்ன மாதிரி. அவர்கள் கேட்கவில்லை, அழுத்தினார்கள்.

எல்லோர் மேலும் கோபம். ஓடினவர்கள் மேல், சிரித்தவள் மேல், நித்திரை கொண்டவர் மேல். சைரன் வைத்த விசரியான என் மேல் எல்லாவற்றையும் விட.

கீரி மீன் முழுதும் பூனைக்கு.

பெப்ரவரி 11, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு குரல்: "சாய்ந்தமருதுல கடல் பூந்திட்டாம், ஒலுவில் ஆக்கள் கவனம்." அடுத்தது: "பொய், பொய், ஒரு டீச்சர் ரொக்கட் விட்டவவாம்." அடுத்தது: "ரொக்கட் இல்ல, வீட்டுக்க குண்டாம்." குண்டாம்! உண்மையிலேயே குண்டு வெடித்த இந்த ஊரில் அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்கிற நாக்கை என்ன செய்வது? இதை எழுதியவனைக் கண்டால் கன்னத்தில் அறைவேன்.

மர்ழியா மாமியைப் பார்க்கப் போனேன். கையில் மாக்கட்டு. பப்பாசிப் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது என்று விளங்கப்படுத்தவும் பார்த்தேன். செத்த நட்சத்திரம் ரெண்டு மோதுறது மாமி, அந்த வெளிச்சத்தை உடனே பிடிக்கணும், அதுக்குத்தான் அந்தச் சத்தம்.

மாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"செத்ததுகள் மோதினா மோதட்டும். உசிரோட இரிக்கிற என்ட கை முறிஞ்சிட்டே புள்ள."

பப்பாசியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அசர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நின்று, மிக மரியாதையாக:

"டீச்சர், குறை நெனைக்க வேணாம். அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் எடுத்திருங்க. சனம் பயந்து போயிரிக்கி."

"எடுத்திட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்." தொண்டையைச் செருமினார். "மறுகா, அடுத்த கிழமை நோன்பு. பிறை எண்டைக்குத் தெரியும்? நீங்க ஆகாயம்தானே படிச்ச?"

நேற்று ஊரை ஓட வைத்த குண்டுக்காரி, இன்று பிறைக்கு ஆலோசகர். கதவைச் சாத்துகிற வரைக்கும் சிரித்த முகமாக இருந்தேன். சாத்திய பிறகு குசினிச் சுவரில் குத்தினேன். விரல் நோகிறது.

பே. மெயில்: "நேற்று நீங்கள் ஏன் பதில் கொடுக்கவில்லை? மின்வெட்டா?"

மின்வெட்டாம். இங்கே எது நடந்தாலும் அவருக்கு மின்வெட்டுத்தான்.

உண்மையை எழுதினேன். சைரன், தெரு, கடல், உம்மா. வாப்பாவைப் பற்றி எழுதவில்லை. 2004 பற்றி ஒரு வரி மட்டும். ஒரு வரி இல்லாமல் அந்தச் சத்தத்துக்கு ஏன் ஓடினார்கள் என்று எப்படிச் சொல்ல?

பெப்ரவரி 12, வியாழன்

வெயில். உம்மாவின் கால் வீக்கம் குறைந்தது. கொழும்புச் சாமான் லொறி வரவில்லை என்று கடையில் சீனி இல்லை.

பே.யின் பதில். நீளமான மெயில். எனக்கு அவர் ஒருநாளும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

"என் இதயம் நொறுங்கிவிட்டது." "உங்கள் மக்கள் சுமக்கும் வேதனையை நான் அறிந்திருக்கவில்லை." "இந்தக் காவல் வேலை உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் எவ்வளவு பாரம் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்." பிறகு, கடைசிக்கு முந்திய பந்தியில், சீனி தடவின மருந்து மாதிரி: "ஆகவே நீங்கள் சிறிது காலம் ஓய்வெடுங்கள். காலைக் காவலை லீனா பார்த்துக்கொள்வாள். மிச்சம் உள்ள ஒன்றை இங்கிருந்து நாங்கள் தீர்மானிக்கிறோம்."

மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் காது சூடாகியது.

நாங்கள் தீர்மானிக்கிறோம்! மின்வெட்டு என்று சொல்லி என்னைக் காவலிலிருந்து எடுக்க அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேதனை என்று சொல்லி எடுக்கிறார். அதற்கு நானே கையில் கொடுத்தேன், ஒரு வரியில். என் வாப்பாவும் தம்பியும் போன கடலைத் தூக்கி என் திட்டத்தின் மேல் போட்டு மூடுகிறார். அழகாக, பண்பாக, கண்கலங்கி.

அனுப்பாத பதில்கள்:

1. "உங்கள் இதயம் நொறுங்கியது குறித்து வருந்துகிறேன். என் கடவுச்சொல்லை விட்டுவிடுங்கள்."

2. "நீங்கள் நித்திரை கொண்டீர்கள். அதைப் பற்றி ஒரு பந்தி எழுதுங்கள்."

3. "போய்யா."

அனுப்பிய பதில்: "ஞாயிறு கூட்டத்தில் பேசுவோம். அதுவரை பட்டியலில் என் பெயர் இருக்கட்டும்."

உம்மா: "என்ன மகள் மூஞ்செல்லாம் செவந்திரிக்கி? காய்ச்சலா?"

"இல்ல உம்மா. ஒருத்தர் எனக்கு இரக்கப்படுறார்."

"அதுக்கு ஏன் கோவம்?"

"என்ட வேலய எடுத்திட்டு இரக்கப்படுறார்."

"நிவாரணம் குடுக்க வந்தவனுகளும் இப்பிடித்தான். தலயத் தடவித் தடவி, வளவு எங்க இரிக்கி எண்டு அளந்து பாத்தானுகள்," என்றார் உம்மா. சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

பெப்ரவரி 13, வெள்ளி

ரிஸ்வி ஜும்ஆத் தொழுகைக்கு வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்து, காலெல்லாம் சேறு. யானை ஒரு பாத்தியை மிதித்துவிட்டதாம். ஊர்க் கதை இறக்காமம் வரைக்கும் போய்விட்டது. அங்கே அவரைக் கேட்டார்களாம், "ஒங்கட பொண்டாட்டியா கடலக் கூப்பிட்ட?" என்று. சிரித்துக்கொண்டு சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டபின் நிறுத்தினார்.

சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் இருந்து போனில் சத்தம் தெரிவு செய்தோம்.

மணி: பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, பிள்ளைகள் ஓடும்.
சேவல்: பக்கத்து வீட்டில் உண்மையான சேவல் இருக்கிறது.
பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு: ரிஸ்வியின் யோசனை. "சனம் ஓடாது, காசோட வரும்."
தவளை: மழைக்காலத்தில் யாருக்கு விளங்கும்?
வாத்து.

உம்மா வாத்தை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். "இது இரிக்கட்டும். வாத்துக்கு ஆரும் ஓடமாட்டாங்க."

ஸ்பீக்கர் பெட்டியில் கொழுவாமல், போனை என் இடுப்பிலேயே கட்டிக்கொள்வது என்று முடிவு. உம்மாவின் போனிலும் அதே செய்தி வருகிற மாதிரிச் செய்து கொடுத்தேன். கேட்டது அவர்தான். "எனக்கு முன்னமே தெரிஞ்சா பயமில்ல" என்றார்.

முப்பது வருஷமாக வானத்தைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தன் உம்மாவின் போனில் காமா வெடிப்பு வாத்தாகக் கத்துகிற ஆள் நான் ஒருத்திதான்.

ரிஸ்வி மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பப் போய்விட்டார். போகும்போது படியில் நின்று, "ஞாயிறு நல்லாக் கதை. கத்தாத," என்றார். கத்துவேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

நல்ல வெயில். புழுக்கம்.

பின்னேரம் கூட்டம். டியூஷன் மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளிவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் இருந்தேன். பின்னால் வெள்ளிக்கிழமை எழுதிய ஓமின் விதி அப்படியே இருந்தது, அழிக்கவில்லை. இருக்கட்டும், பார்க்கட்டும்.

திரையில் பே. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்த முகம். வீட்டில் மௌத்து நடந்தால் துக்கம் கேட்க வருகிற தூரத்துச் சொந்தக்காரரின் முகம்.

"முதலில், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையில் எப்படி—"

"சுகம். நாலாம் பக்கத்துக்குப் போவோம்."

"இல்லை, நான் சொல்ல வந்தது, உங்கள் தெருவில் நடந்தது—"

"என் தெருவில் நடந்ததை விடுங்கள். செவ்வாய்க்கிழமை வந்த வெடிப்பை எடுப்போம். என் விதிப்படி எல்லாம் பொருந்தியது. நான் அழுத்தவில்லை, அது என் பிழை, எழுதித் தந்துவிட்டேன். ஆனால் லீனா திரைக்கு முன்னால் இருந்தாள். அவள் அழுத்தாதது ஏன்?"

பே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லீனா சொன்னாள், பாவம், மெல்லிய குரலில்: "அனுமதிக்குக் காத்திருந்தேன். காத்திருந்திருக்கக் கூடாது. திட்டத்தில் கேட்காமல் அழுத்தச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது."

"திட்டம் இன்னும் வரைவுதான்," என்றார் பே.

"வரைவாக வைத்திருப்பது நீங்கள்தான்."

இந்த இடத்தில் சத்தம் போட்டேன். எவ்வளவு என்று தெரியாது. கீழே உம்மா றேடியோவைக் குறைத்தது கேட்டது. சொன்னது ஏறக்குறைய இது: சில தடவை பிழையாகப் போகும். வெறும் வானத்தைப் படமெடுப்போம். நேரத்தை வீணாக்கினோம் என்று சிலி ஆட்கள் திட்டுவார்கள். திட்டட்டும். பிழையாகப் போனால் திட்டு, அவ்வளவுதான். பொறுத்திருந்தால் ஒன்றுமே இல்லை, ஒருநாளும் இல்லை. உறுதியாகும் வரை நிற்பவனுக்கு உறுதி மட்டும்தான் மிஞ்சும்.

வாப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கின் நுனிக்கு வந்தது. சொல்லியிருந்தால் ஒரு நொடியில் வென்றிருப்பேன், எல்லோரும் அழுதிருப்பார்கள். அந்த முகத்துக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

கடைசியில் பே. ஒரு சமாதானம் வைத்தார். காலைக் காவல் என்னிடமே இருக்கும். விதியும் அப்படியே. ஆனால் மிச்சம் ஒன்றுதான் என்பதால், அழுத்துவதற்கு முன் அவருக்கு ஒரு போன். "ஒரு நிமிட விஷயம்தானே. அதுவும் பிழையாகப் போனால், அடுத்த பருவத்தில் இந்த ஏற்பாட்டையே மறுபடி யோசிக்க வேண்டி வரும், விளங்குகிறதுதானே?"

விளங்குகிறது. பிழைத்தால் நான் வெளியே. நல்ல தமிழில் அதுதான்.

"குறித்துக்கொண்டேன்," என்றேன். சரி என்று சொல்லவில்லை. நான் சரி சொல்லவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நிமிட விஷயமாம். அவர் போனை நித்திரைக்கு முன் மற்ற அறையில் வைப்பவர். அவரே ஒரு தடவை பெருமையாகச் சொன்னது.

பெப்ரவரி 16, திங்கள்

நோன்புச் சாமான்: கஞ்சி அரிசி, பேரீச்சம்பழம், தேங்காய், ரோஸ் சிரப், உம்மாவுக்குச் சீனி போடாத பிஸ்கட்.

காலை முழுதும் இடுப்பில் போன். வாத்து கத்தவில்லை. மீன்காரர் வந்தார், பெட்டியை இறக்கும் முன் கேட்டார், "டீச்சர், இண்டைக்கு நிக்கலாமா?" தெருவே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் வந்தது, அடக்கிவிட்டேன்.

சிலி வான வரைபடம் இந்தக் கிழமைக்குப் புதிதாகப் போட்டேன். அமாவாசை. நிலவுத் தொல்லை இல்லை. காற்றும் குறைவு என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு கிழமை இனி மார்ச்சுக்குள் ஒரு தடவைதான்.

டியூஷனில் பின்வரிசைப் பெட்டை ஒருத்தி, "டீச்சர், ஓமின் விதியில கடல் வருமா?" வகுப்பே குலுங்கியது. வெளியே போகச் சொன்னேன். பிறகு மனம் கேட்காமல் கூப்பிட்டு உள்ளே இருத்தினேன்.

சிலர் என்னை இப்போதும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்கள் ஓடினது பிழையில்லை என்று யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா? ஓடினவர்களை எல்லோரும் பகிடி பண்ணுகிறார்கள். ஓடாமல் அடுத்த தெருத் திண்ணையில் நின்று வேடிக்கை பார்த்த ஒன்றிரண்டு ஆம்பிளைகள் இப்போது வீரர்கள். அதுவும் எனக்கு எரிச்சல். நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன், இதைச் சொல்லவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. வானம் வெளுத்து, கடல் இரைச்சல் தெருவரை கேட்கிறது. எட்டரைக்குப் பிறகு.

மேலே இருந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கை வேறு எதையாவது செய்யும்.

வாத்து கத்தியது. என் இடுப்பில் ஒன்று, கீழே உம்மாவின் போனில் ஒன்று. அரிசி களைந்த கையோடு வந்தேன்.

குறுகியது. போன செவ்வாய் வந்ததை விடக் குறுகியது. இடம் படத்துக்குள் அடங்குகிறது, ஓரத்தில்தான், ஆனால் அடங்குகிறது. தூசி இல்லை. நிலவு இல்லை. ஆனால் அந்த இடம் அங்கே மேற்கில் சரிந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் போனால் அடிவானத்துக்குக் கிட்டப் போய்விடும். உறுதியான இடம் எப்போது வரும் என்று அறிவிப்பில் இல்லை. செயற்கைக்கோள் வேறு பக்கம் திரும்பியிருக்கிறதாம், பிந்தும்.

பிழைத்தால் நான் வெளியே. கடைசி ஒன்று. ஓரத்தில் அடங்குகிற இடம்.

பே.யின் எண்ணை எடுத்தேன். ஐரோப்பாவில் இன்னும் விடியவில்லை. பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அந்தப் போன் அடிக்கும், மற்ற அறையில், அவர் எழும்பி வருவார், கண்ணாடி தேடுவார், "பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பார்.

போனை வைத்துவிட்டுத் திரைக்குப் போனேன். கடவுச்சொல். எண்கள். இரண்டு தடவை சரிபார்த்தேன். அழுத்தினேன்.

என் பெயர் போட்டு அழுத்தினேன்.

சிலியிலிருந்து உடனே ஒரு வரி வந்தது: "கிடைத்தது. திருப்புகிறோம்." யாரோ ஒரு ஆள், அங்கே இருட்டில், ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஆளுக்கு அல்லாஹ் நீண்ட ஹயாத்தைக் கொடுக்கட்டும்.

இப்போது பே. அழைக்கிறார். எல்லோருக்கும் தானாக மெயில் போயிருக்கும். எழும்பியிருக்கிறார், இன்றைக்குப் பார்த்து எழும்பியிருக்கிறார். எடுக்கவில்லை. செய்தி வருகிறது: "இடம் உறுதியாகவில்லை. இன்னும் நிறுத்தலாம். தயவுசெய்து நிறுத்துங்கள்." மறுபடி அழைக்கிறார். லீனா ஒரு சொல் போட்டிருக்கிறாள்: "நல்லது." உடனே அழித்தும் விட்டாள்.

நிறுத்த மாட்டேன். படம் வர இன்னும் நேரம் எடுக்கும். அதில் ஏதாவது இருக்குமோ, வெறும் வானமோ, தெரியாது.

படியில் உம்மாவின் கால் சத்தம். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. வாசலில் வந்து நின்றார். செருப்புப் போட்டிருக்கிறார், தலையில் முந்தானை. மூச்சு வாங்கியது.

"வாத்து கத்திட்டு. ஒன்ட போனும் விடாம அடிக்கிது." என் முகத்தைப் பார்த்தார். "சொல்லு மகள். ஓடவா, இரிக்கவா?"

"இரிங்க உம்மா," என்றேன். "நான் பாக்காமலே ஓடிட்டன்."